ஏழுபுளி ஒப்படைத்த துப்பாக்கி

கள்ளக்குறிச்சி இன்னும் மாவட்டத் தலைநகர் ஆகாத காலத்தில், கச்சிராயபாளையம் ரோட்டில் சுப்புராயன் என்று ஒரு டூவீலர் பெயிண்டர் இருந்தார். பெரிய மனிதர்களின் வரலாற்றில் அவர்கள் சாதித்தவற்றை எழுதுவது வழக்கம். சுப்புராயனின் சாதனை ஒன்றுதான். தான் செய்யாத குற்றங்களுக்கும் சேர்த்து அவர் வருத்தப்பட்டார்.

பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் அவரே மன்னிப்புக் கேட்பார். அடுத்த தெருவில் நாய் அடிபட்டால் இவருக்குச் சோறு இறங்காது. கருணாபுரத்தில் ஒரு வீட்டுச் சுவர் மழையில் விரிசல் விட்டது. முன்பொரு நாள் அந்தச் சுவரில் தன் சைக்கிளைச் சாய்த்து வைத்தது இவருக்கு ஞாபகம் வந்தது. அந்த வீட்டுக்காரரைத் தேடிப் போய், சைக்கிள் கனம் கம்மிதான் என்று விளக்கிவிட்டு வந்தார். இப்படிப்பட்ட திறமை பல வருடங்கள் சில்லறைக் குற்றங்களிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. அதற்கேற்ற ஒரு குற்றம் நாற்பத்தெட்டு வயதில்தான் அவரைத் தேடி வந்தது.

அதற்கு முன் அவருடைய நிரந்தரக் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். சுப்புராயன் பீச்சாங்கைக்காரர். சாப்பிடுவது, சாமி கும்பிடுவது, சில்லறை கொடுப்பது எல்லாவற்றையும் வலது கைக்குப் பழக்கிவிட்டார். பிரஷ் மட்டும் வலது கையில் நிற்க மறுத்தது. ஊரோ வண்டிக்குப் பெயிண்ட் அடித்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டி ஓட்டுகிற ஊர். டேங்கின் மேல் எழுதிய குலதெய்வத்தின் பெயர் பீச்சாங்கையால் எழுதியது என்று தெரிந்தால் யார் ஏறி உட்காருவார்கள்? ஆகவே கடை முகப்பில் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டு அதன் பின்னால் நின்று வேலை செய்தார். தூசு படாமலிருக்க என்று கேட்டவர்களிடம் சொன்னார். அப்படிச் சொன்னதற்காகவும் வருத்தப்பட்டார். பரிகாரமாக, ஒவ்வொரு வண்டியிலும் வேலை முடிந்ததும் யார் கண்ணிலும் படாத அடிப்பகுதியில் வலது கையால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். நாளைக்கு யாராவது கேட்டால், வலது கையும் பட்டது என்று பொய்யில்லாமல் சொல்லலாம் அல்லவா? ஒருவரும் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சித் தாலுகாவில் ஓடிய பாதி வண்டிகளின் வயிற்றில் சுப்புராயனின் மனசாட்சி ஒட்டிக்கொண்டிருந்தது.

கல்வராயன் மலையில் ஏழுபுளி என்று ஒரு சிற்றூர். அங்கே மரவள்ளி பயிரிடும் வேடியப்பன் வருடம் ஒரு தடவை மலைப்பாதையில் சிராய்த்த தன் வண்டியைக் கீழே கொண்டுவந்து சுப்புராயனிடம் விடுவார். தேனும் சாமையும் கூடவே வரும். அந்த வருடம் அவர் வந்தபோது வண்டியில் சிராய்ப்பு இல்லை. தேன் மட்டும் வழக்கத்தைவிட ஜாஸ்தியாக இருந்தது.

"அண்ணா, ஒரு துப்பாக்கி வேணும்" என்றார் வேடியப்பன்.

"நான் பெயிண்டருப்பா."

"அதான் உங்கிட்ட வந்தேன். நெசத் துப்பாக்கி வச்சிருக்கறவன்கிட்ட போனா அது குத்தமாச்சே."

விஷயம் இதுதான். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை மலைக்காரர்கள் தாமாக ஒப்படைத்துவிட வேண்டும் என்று போலீஸ் ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லியிருந்தது. கொடுத்தால் வழக்குக் கிடையாது. நேரில் வரக் கூச்சப்படுபவர்கள் ஊருக்கு வெளியே மரத்தடியில் வைத்துவிட்டுப் போகலாம். வைத்தது யார் என்று கேட்கமாட்டார்கள். மற்ற ஊர்களில் இரண்டும் மூன்றுமாக வந்து சேர்ந்தன. ஏழுபுளியிலிருந்து ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அங்கே ஒன்றும் இல்லை. முந்தைய தடவை மைக் வந்தபோதே, ஊரிலிருந்த ஒரே துப்பாக்கிக்கு மாலை போட்டு எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டார்கள். நேர்மையில் அவசரப்பட்டுவிட்ட ஊர்.

எல்லா ஊரிலும் வந்து ஒரே ஊரில் மட்டும் வரவில்லை என்றால் அங்கேதான் பெரிய பதுக்கல் இருக்க வேண்டும் என்பது போலீஸின் கணிப்பு. அன்றிலிருந்து ஏழுபுளியிலிருந்து கிழங்கேற்றி இறங்கும் ஜீப்பையெல்லாம் நிறுத்தி, மூட்டை மூட்டையாக அவிழ்த்து ரோட்டில் கொட்டித் தேடினார்கள். மரவள்ளி பிடுங்கிய இரண்டாம் நாளே உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும். துப்பாக்கிக்கு அந்த அவசரம் இல்லை. ஒப்படைக்கவாவது ஒரு துப்பாக்கி இருந்தால் ஊர் பிழைக்கும் என்று ஏழுபுளி முடிவு செய்தது.

பொம்மைத் துப்பாக்கிக்குப் பெயிண்ட் அடித்துப் போலீசாரை ஏமாற்றுவது குற்றம். மாட்டேன் என்று சொல்லி ஓர் ஊரின் கிழங்கு அழுகக் காரணமாவதும் குற்றம். இரண்டையும் எடை போட்டுப் பார்த்த சுப்புராயன், தேனை ஏற்கெனவே நக்கிப் பார்த்துவிட்டதை நினைத்துச் சம்மதித்தார்.

உள்ளூரில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று தியாகதுருகம் சந்தைக்குப் போனார். பொம்மைக் கடையில் கிடைத்தது, வேற்றுக் கிரகத்தாரோடு சண்டை போடுவதற்காகச் செய்த நீள வகை. உடம்பு பச்சை, மூக்கு ஆரஞ்சு, மேலே மூன்று இறக்கை. விசையை அழுத்தினால் விளக்கு சுழன்று ஒப்பாரி வைக்கும். எத்தனை வயதுப் பிள்ளைக்கு என்று கடைக்காரம்மா கேட்டாள். பொய் சொல்ல வராத சுப்புராயன், கொஞ்சம் பெரிய பிள்ளை என்றார். பாட்டரி போட்டுக் காட்டவா என்றதற்கு, "வாணாம்மா, அது சத்தம் போடாத புள்ள" என்று சொல்லிவிட்டு வேர்த்துப்போய் பஸ் ஏறினார்.

தார்ப்பாய்க்குப் பின்னால் வேலை தொடங்கியது. இறக்கைகளை அறுத்தார். மூக்கை வெட்டிவிட்டுப் பழைய ஹேண்டில்பார் குழாயைச் சொருகினார். உள்ளே தேய்ந்த நட்டும் போல்ட்டும் போட்டுப் டேங்கின் நெளிசலை நிரப்பும் பட்டி மாவால் அடைத்துக் கனம் ஏற்றினார். உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பளபளப்பில்லாத கறுப்பில் இரண்டு கோட்டு கொடுத்தார். வேடியப்பன் வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுண்ணா. ஆனா கடையில இருந்து வந்தா மாதிரி இருக்குது. எங்க ஊர்ல எது கடையில இருந்து வந்தா மாதிரி இருக்குது, சொல்லு."

நியாயமான கேள்வி. ஆனால் சுப்புராயனின் ஆயுள் முழுக்கப் பழசைப் புதுசாக்குவதிலேயே போயிருந்தது. துருவை எங்கே கண்டாலும் அழிக்கிறவர், இப்போது துருவை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியிருந்தது. வெல்டிங் பட்டறையில் இரும்புத்தூள் வாங்கி, ஈர வார்னிஷின் மேல் தூவி, புளித்தண்ணீரும் உப்பும் தெளித்து வெயிலில் வைத்தார். துரு வந்தது. வந்த துருவைப் பாதி துடைத்தார். விளிம்புகளில் பென்சில் கரியைப் பொடித்துத் தேய்த்ததும், கறுப்புக்கு அடியில் இரும்பு தெரிவது போல் ஆனது. பின்கட்டைக்குப் பழுப்புக் கொடுத்து, காய்ந்த பிரஷ்ஷால் மர ரேகை இழுத்தார்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்த வரலாறே இல்லை. ஆனால் கலை என்பது ஒரு வியாதி. துப்பாக்கி கிழமாகிவிட்டது, அதைப் பிடித்துக் கிழமான மனிதன் எங்கே என்று தோன்றியது அவருக்கு. தார்ப்பாயை நன்றாக இழுத்துவிட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்தார். கன்னம் எங்கே உரசுகிறது, கட்டைவிரல் எங்கே அழுந்துகிறது, வேர்வை எங்கே வழியும் என்று கவனித்தார். அந்தந்த இடத்தில் தேங்காயெண்ணெயும் புகைக்கரியும் வைத்து, சாயம் மங்கிக் கட்டை மினுங்கும்வரை தேய்த்தார். ஒரு பகல் பொழுதில் அந்தப் பிளாஸ்டிக்குக்கு முப்பது வருட வாழ்க்கை கிடைத்தது.

அவர் துப்பாக்கியை வைத்தது இடது தோளில். இது அவருக்கு உறைக்கவே இல்லை. தார்ப்பாய்க்கு உள்ளே அவருக்கு வேறு தோள் கிடையாது.

கடைசியில் பின்கட்டையின் அடியில், பழக்க தோஷத்தில், வலது கையால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார்.

ஏழுபுளிக்காரர்கள் அதைச் சாக்கில் சுற்றி, ஊருக்கு வெளியே மரத்தடியில் வைத்தார்கள். போலீஸ் எடுத்துப்போனது. மறுநாள் கிழங்கு ஜீப் எங்கும் நிற்காமல் கீழே இறங்கியது. பேப்பரில் படமும் வந்தது. பாய் விரித்து வரிசையாகப் பதினான்கு துப்பாக்கிகள், நடுவில் நம்முடையது. உண்மையான பதின்மூன்றும் அதன் பக்கத்தில் போலி மாதிரி இருந்தன. சுப்புராயனுக்கு ஒரு நொடி பெருமை பொங்கியது. உடனே அதை நினைத்துக் கூசிப்போய், பேப்பரை மடித்து அதன் மேல் தின்னர் டப்பாவை வைத்தார்.

ஸ்டேஷனில், துப்பாக்கிகளைப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல ஓய்வுபெற்ற ஏட்டு கண்ணாயிரத்தை வரவழைத்தார்கள். இளமையில் நிறைய வேட்டை பார்த்தவர் என்று பெயர். யார் வேட்டையாடினார்கள் என்று அவர் சொன்னதில்லை. பதின்மூன்றையும் கைத்தடியால் ஒதுக்கிவிட்டார். அவையெல்லாம் பரணில் கிடந்தவையாம். பதினான்காவதன் முன்னால் மட்டும் குனிந்தார். சாட்சிப் பொருளைக் கையால் தொடக்கூடாது என்பதால் தூர நின்றே வெகுநேரம் பார்த்தார்.

"இது ஒண்ணுதான் ஒழச்ச துப்பாக்கி. கன்னம் தேஞ்ச பக்கத்தப் பாரு. சுட்டவன் பீச்சாங்கைக்காரன்."

போன வருடம் மலையில் ஒரு காட்டெருமை செத்துக் கிடந்தது. அந்த வேட்டை வழக்கில் எல்லாம் இருந்தது, குற்றவாளி மட்டும் இல்லை. துப்பாக்கியை வைத்தது யார் என்று கேட்கமாட்டோம் என்றுதான் போலீஸ் வாக்குக் கொடுத்திருந்தது. அதை வைத்துச் சுட்டது யார் என்று கேட்கமாட்டோம் என்று மைக்கில் யாரும் சொல்லவில்லை. ஜீப் ஏழுபுளிக்குப் போனது. டீக்கடையில் நிறுத்தி, இங்கே பீச்சாங்கைக்காரன் யாராவது உண்டா என்று கேட்டது. சடையன் என்ற பலாப்பழம் வெட்டும் ஆளுக்கு ஊரில் பேரே பீச்சாங்கைச் சடையன். கேட்ட மாத்திரத்தில் நாலு பேர் வழிகாட்டினார்கள்.

சடையன் தீபாவளி வெடிக்குப் பயந்து மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்கிறவர். அவரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். அடிக்கவில்லை. வேளைக்குச் சோறுகூட வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அவர் எந்தக் கையை நீட்டுகிறார் என்று மூன்று போலீஸ்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

செய்தியைப் போனில் சொன்ன வேடியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சுப்புராயன் வாயைத் திறந்தால் தானும் உள்ளே, ஊரும் உள்ளே, கிழங்கும் உள்ளே என்றார். சடையனுக்கு வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

சுப்புராயனால் அன்று பிரஷ்ஷை எடுக்க முடியவில்லை. கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்த வருத்தங்களையெல்லாம் கூட்டினாலும் இதற்குப் பக்கத்தில் வராது. நாய் அடிபட்டதில், சுவர் விரிசல் விட்டதில் எல்லாம் கொஞ்சம் சந்தேகத்தின் பலன் இருந்தது. இதில் ஒரு சந்தேகமும் இல்லை. தான் தேய்த்த தேய்ப்பில் ஒரு மனிதர் தேய்ந்துகொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்து மனைவி ஆயம்மாள் விசாரணையைத் தொடங்கினாள்.

"அந்த சடையன் இன்னா பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல."

"நீ இன்னா பண்ண?"

"தேச்சேன்."

"அப்ப போய்ச் சொல்லு. இங்க குந்திக்கினு சோத்தத் தேச்சிக்கினு இருந்தா அவன வுட்ருவாங்களா?"

"சொன்னா கை தெரிஞ்சிபூடும் ஆயம்மா. அப்புறம் எவன் வண்டி வுடுவான்?"

ஆயம்மாள் தட்டை நகர்த்தி வைத்தாள். "இத்தினி வருசமா நம்ம ரெண்டு பேருக்கும் சோறு போட்ட கை அது. திருட்டுப் பொருள் மாதிரி ஒளிச்சிக்கினே இருக்கற."

சனிக்கிழமை காலையில் சுப்புராயன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பையில் பிரஷ்ஷும் டப்பாக்களுமாக ஸ்டேஷனுக்குப் போனார். அந்தத் துப்பாக்கியைச் செய்தது நான்தான் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. துப்பாக்கி தயாரிக்கும் கும்பலே தன் காலில் நடந்து வந்திருக்கிறது என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அது பொம்மை என்று சுப்புராயன் சொன்னதும் மலர்ந்த முகம் மூடிக்கொண்டது.

"பேப்பர்லயே வந்துடுச்சிய்யா. பதினாலுன்னு போட்டிருக்கான்" என்றார்.

பேப்பரில் வந்ததை மறுப்பதற்கு சுப்புராயன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு, பின்கட்டையின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், அது தன் புள்ளி, வாசலில் நிற்கும் வண்டிகளிலும் பார்க்கலாம் என்றார். ஒரு போலீஸ்காரர் போய், வரிசையாக நின்ற வண்டிகளின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, தன்னுடையதில் உண்டு, ரைட்டரின் வண்டியில் உண்டு, இன்ஸ்பெக்டர் அய்யாவின் வண்டியிலும் உண்டு என்று எழுந்து வந்து சொன்னார். தன் வண்டியும் நாட்டுத் துப்பாக்கியும் ஒரே அங்க அடையாளத்தோடு இருப்பது இன்ஸ்பெக்டரை யோசிக்க வைத்தது.

கண்ணாயிரத்துக்கு ஆள் போனது. வந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடப் புழக்கத்தை எவனும் பெயிண்டில் கொண்டுவர முடியாது என்றார். செய்து காட்டச் சொன்னார்கள். எதில் காட்டுவது என்று பார்த்ததில், கையில் அகப்பட்டது கண்ணாயிரத்தின் மூங்கில் கைத்தடிதான்.

சுப்புராயன் பிரஷ்ஷை எடுத்தார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று வலது கையில் எடுத்தார். கோடு புழு மாதிரி நெளிந்தது. கண்ணாயிரம் சிரித்துவிட்டு, இவனால் கோலம்கூடப் போட முடியாது, போய்ப் பிழைக்கச் சொல்லுங்கள் என்று எழுந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சடையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், மூன்று போலீஸ்காரர்கள் மேற்பார்வையில் பாதி சாப்பிட்ட பொட்டலம் ஒன்று திறந்து கிடந்தது.

அதைப் பார்த்ததும் சுப்புராயன் பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றினார்.

மாற்றிய பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. கறுப்பு ஓடியது, காய்ந்தது. கரிப்பொடி விளிம்பைத் தொட்டுப் போனது. பையிலிருந்த துருத்தூள் கணுக்களில் இறங்கியது. டீ வாங்கப் போன போலீஸ்காரர் திரும்பி வருவதற்குள் மேஜை மேல் ஒரு பழைய இரும்புக் குழாய் கிடந்தது. கண்ணாயிரம் அதைத் தூக்க, இரும்புக்கு வேண்டிய பலத்தைக் கொடுத்துக் கையை வீசினார். மூங்கில் காற்றில் பறந்து அவர் காதோரம் வந்து நின்றது.

"பீச்சாங்கையாலயா இத்தினி நாளா என் வண்டிக்கு அடிச்ச?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்கய்யா. புள்ளி மட்டும் சோத்தாங்கைங்க."

சட்டம் இப்போது ஒரு நெருக்கடியில் இருந்தது. பொம்மை என்று ஒத்துக்கொண்டால் பதினான்கு பதின்மூன்றாகிவிடும். பேப்பர்காரன் மறுபடி வருவான். துப்பாக்கி என்றே வைத்துக்கொண்டால் அதைச் சுட்டவன் ஒருவன் வேண்டும். இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். அரைமணி நேரம் ஆலோசித்து வெளியே வந்து, சுப்புராயனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தத் தேய்மானத்தை எடுக்க முடியுமா?

பழசைப் புதுசாக்க முடியுமா என்று சுப்புராயனிடமே கேட்கிறார்கள். ஸ்டேஷன் பின்கட்டில் உட்கார்ந்து, தன் ஆயுளின் மிகச் சிறந்த வேலையைத் தின்னரில் நனைத்த துணியால் தானே துடைத்தெடுத்தார். முப்பது வருடமும் துணியோடு வந்துவிட்டது. மேலே ஒரு கோட்டு வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். துப்பாக்கி பளபளவென்று, யார் கன்னமும் படாததாக ஆகிவிட்டது. ஒருவரும் பயன்படுத்தாத துப்பாக்கியை ஒருவரும் சுட்டிருக்க முடியாது. வைத்தது யார் என்று கேட்பதில்லை என்ற வாக்குப்படி ஏழுபுளியையும் கேட்க முடியாது. முதலில் பார்த்தபோது வெளிச்சம் சரியில்லை என்று கண்ணாயிரம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். பதினான்கு பதினான்காகவே நின்றது. காட்டெருமை வயோதிகத்தால் இறந்ததாயிற்று. சடையனைப் போகச் சொன்னார்கள்.

ஸ்டேஷன் வாசலில் சுப்புராயன் அவரை மறித்தார். மன்னிப்புக் கேட்பதில் அத்தனை வருட அனுபவம் இருந்தும், அன்று இடது கையை மட்டும் காட்டினார்.

"பாத்தேன்" என்றார் சடையன். "சோத்தாங்கையால மொதல்ல ஒரு கோடு இழுத்தீங்களே, அப்பவே தெரிஞ்சிபோச்சி. ஏன்ணா, அந்தத் துப்பாக்கியச் சோத்தாங்கைக்காரன் துப்பாக்கியா தேச்சிருக்கக் கூடாதா?"

"தேச்சிருந்தா வேற எவனயாச்சும் புடிச்சிருப்பாங்களே."

"அது அவன் பாடு. மூணு நாளா சோத்த மூணு பேரு பாத்துக்கினே இருந்தா எப்படிண்ணா எறங்கும்? மரத்துல இருந்த பழமெல்லாம் இந்நேரம் கரடி தின்னுட்டுப் போயிருக்கும்." கோபத்தைச் சொல்லி முடித்துவிட்டு, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

கரடி தின்ற பழங்களும் சுப்புராயனின் பொறுப்பில் சேர்ந்தன. அடுத்த தடவை கீழே வரும்போது வண்டியைக் கொண்டுவரச் சொன்னார், தான் பெயிண்ட் அடித்துத் தருவதாக. தன்னிடம் வண்டி இல்லை, அரிவாள்தான் இருக்கிறது என்றார் சடையன். அதையாவது கொண்டுவரச் சொன்னார். நம்பிக்கையில்லாமல்தான் கொண்டுவந்தார். பிடியில் சிவப்பு அடித்து, சடையன் என்று மஞ்சளில் எழுதி, கீழே ஒரு பூங்கொடி இழுத்துக் கொடுத்தார். சடையன் அதை இடது கையால் வாங்கிக்கொண்டார். சுப்புராயன் கொடுத்ததும் அந்தக் கையால்தான். அந்தப் பிடியில் மட்டும் புள்ளி கிடையாது.

அதற்கு முன்பே தார்ப்பாயைக் கழற்றிவிட்டிருந்தார். எப்படியும் ஸ்டேஷனிலிருந்து விஷயம் ஊருக்குப் பரவிவிடும், ஊர் கைவிட்டுவிடும், ஒளிப்பதில் அர்த்தமில்லை என்று, தூக்குமேடையில் ஏறுகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்க்க நின்று ஒரு டேங்கில் லைன் இழுக்க ஆரம்பித்தார். எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ராஜாங்கம் அதைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"தார்ப்பாய எதுக்குண்ணா எடுத்துட்ட?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று சுப்புராயன் தொடங்கினார். ராஜாங்கம் குறுக்கிட்டார்.

"அதில்லண்ணா. பொழுது சாயறப்ப பின்னால வெயில் வுழுந்து உன் நெழலு தார்ப்பாய்ல பெருசா தெரியும். பீச்சாங்கைய நீட்டி நீ கோடு இழுக்கறது தெருக்கூத்து மாதிரி இருக்கும். எத்தினி வருசமா பாக்கறோம். அதப் பாக்கறதுக்குன்னே நாலு பேரு டீ குடிக்க வருவான்."

சுப்புராயன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஊருக்கே தெரிந்த ஒன்றை மறைத்து இத்தனை வருடம் வருத்தப்பட்டதை எண்ணிப் பார்த்தார். அந்த வருத்தமெல்லாம் வீண் என்று தோன்றவில்லை. தோன்றியது வேறு. ராஜாங்கத்தின் வியாபாரம் கெட்டுவிடுமே.

சாயங்காலம் தார்ப்பாயை எடுத்து மறுபடி கட்டினார்.